அந்நியர் காணி

யூதர்களின் வேதத்தில் ஆபிரகாம் என்னும் முதற்பிதா முதன்முதலாக விலைகொடுத்து வாங்கிய நிலம், குடியிருக்க வீடு கட்டுவதற்காகவும் அன்று, மந்தையை மேய்ப்பதற்காகவும் அன்று. இறந்துபோன மனைவி சாராளை அடக்கம் செய்வதற்காக வாங்கப்பட்டது அது. அந்த நாட்டில் தாம் ஒரு பரதேசி என்பதைச் சபை நடுவில் தாமே முதலில் சொல்லிக்கொண்டு, நிலத்துக்குரியவன் இலவசமாகவே எடுத்துக்கொள்ளும்படி உபசாரமாகச் சொன்னபோதும் அதற்கு இணங்காமல், நானூறு சேக்கல் வெள்ளியை ஊரார் முன்னிலையில் நிறுத்துக் கொடுத்து, மக்பேலா என்ற குகையையும் அதைச் சேர்ந்த வயலையும் வயலிலிருந்த மரங்களையும் தமக்கு உறுதிக் காணியாக்கிக்கொண்டார் என்று ஆதியாகமம் விஸ்தாரமாகச் சொல்லுகிறது. தானமாகக் கொடுத்ததைக் கொடுத்தவனின் பேரன் ஒரு காலத்தில் திருப்பிக் கேட்கக்கூடும். உயிரோடிருப்பவனானால் அப்போது கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு வேறு திசை பார்த்துப் போய்விடலாம். மண்ணுக்குள் இருப்பவரால் அது முடியாது. ஆகையால் அவருக்காக வாங்கும் நிலத்தில் மட்டும் சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்ற கவலையே அந்தப் பேரத்தின் உட்பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கவலை பிற்கால யூத சம்பிரதாயத்தில் அப்படியே தங்கிவிட்டது. ஒரு புதிய ஊரில் பத்துக் குடும்பங்கள் குடியேறினால், ஜபாலயம் கட்டுவதற்கு முன்பே இடுகாட்டுக்கு நிலம் தேடுவது அவர்களில் வழக்கம். அடக்கமான சரீரத்தை அவசியமான காரணமின்றிப் பெயர்த்தெடுக்கக் கூடாது. ஒருவருக்கு விட்ட குழியில் சில ஆண்டுகள் சென்றபின் இன்னொருவரை வைக்கக் கூடாது. அந்த ஆறடி மண் காலம் உள்ளளவும் அவருடையதே என்பது அவர்களுடைய தர்மசாஸ்திரம். சரீரத்தை அக்கினிக்குக் கொடுத்து, எஞ்சியதை நதியிலோ சமுத்திரத்திலோ கரைத்துவிட்டு, இறந்தவருக்கு இப்பூமியில் ஓர் அங்குல இடமும் மிச்சம் வைக்காத நம்மவரின் வழக்கத்துக்கு இது நேர் விரோதமானது. ஆயினும் ஓர் அம்சத்தில் இரு வழிகளும் சந்தித்துக்கொள்ளுகின்றன. நாம் சந்திரனின் கதியைக் கணக்கிட்டுத் திதி கொடுப்பது போலவே அவர்களும் தங்கள் சாந்திரமானப் பஞ்சாங்கப்படி வருஷந்தோறும் மரண தினத்தைக் கண்டறிந்து, அன்று தீபம் ஏற்றி வைத்து, காதிஷ் என்ற துதியைச் சொல்லுகிறார்கள். அந்தத் துதியைத் தனியாக ஒருவன் சொல்ல முடியாது. வயது வந்த ஆண்கள் பத்துப் பேராவது கூடியிருக்கவேண்டும் என்பது விதி.

இவ்வளவு ஜாக்கிரதையாகத் தங்கள் மரித்தோரைக் காக்கும் ஜனங்கள், தாங்கள் விலை பேசாத, விரும்பாத, அதற்கு முன் பெயரைக்கூடப் பெரும்பாலோர் கேட்டறியாத ஒரு தீவில், 125-க்கும் மேற்பட்ட சமாதிகளை விட்டுச் சென்றிருக்கிறார்கள். தீவு மொரீசியஸ். இந்து மகாசமுத்திரத்தில் மடகாஸ்கருக்குக் கிழக்கே, ஒரு கோடியிலிருந்து மறுகோடி நாற்பது மைலுக்கு மேற்படாத அந்தத் தீவின் மேற்குப் பக்கத்தில், சேன் மார்த்தேன் என்னுமிடத்தில் ஒரு கத்தோலிக்க இடுகாடு உண்டு. அதன் ஒரு பகுதியில் தாவீதின் நட்சத்திரம் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கீழ் இருப்பவர்கள் வியன்னாவிலும் பிராகிலும் பால்டிக் கடற்கரையிலுள்ள டான்ஸிக்கிலும் வாழ்ந்தவர்கள். பனியையும் ஓக் மரத்தையும் பார்த்து வளர்ந்த அந்த மனிதர்கள் அயனமண்டலத்துக் கரும்புச் சீமையில் வந்து மடிந்த கதையை, அதற்குரிய நிதானத்தோடு சொல்லவேண்டும்.

1940-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், ஜெர்மானியரின் பிடியிலிருந்த நகரங்களிலிருந்து சுமார் 3,500 யூதர்கள் டான்யூப் நதி வழியாகக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார்கள். அவர்களைப் பூண்டோடு அழிக்கும் வேலையை இன்னும் தொடங்காமல், உடைமைகளைப் பிடுங்கிக்கொண்டு வெளியேற்றுவதில் நாஜிகள் முனைந்திருந்த காலம் அது. பிரயாண ஏற்பாடுகளை நாஜி அதிகாரி ஐக்மனின் கண்காணிப்பின் கீழ்ச் செய்துகொடுத்தவர் பெர்டோல்ட் ஸ்டோர்ஃபர் என்ற வியன்னா யூதர். ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றி அனுப்பிவைத்த அவர் தாம் தப்பிக்கவில்லை, 1944-ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். ருமேனியாவின் துல்சியா துறைமுகத்தில் அட்லாண்டிக், பசிபிக், மீலோஸ் என்று மூன்று பழைய கப்பல்கள் காத்திருந்தன. இரண்டு பெரும் சமுத்திரங்களின் பெயரைத் தாங்கியிருந்தும் அந்தக் கப்பல்கள் ஆற்றுப் படகுகளைவிட அதிக உறுதியானவை அல்ல. அட்லாண்டிக்கில் மட்டும் ஏறக்குறைய 1,800 பேர், நிற்பதற்கும் படுப்பதற்கும் முறைவைத்துக்கொள்ளும்படி நெருக்கப்பட்டார்கள். கிரேக்கத் தீவுகளுக்கிடையில் நிலக்கரி தீர்ந்தது. பிரயாணிகள் அறைகளின் மரத் தடுப்புகளையும் மேல்தளப் பலகைகளையும் பிடுங்கிக் கொதிகலனில் இட்டு எரித்து, தாங்கள் ஏறிவந்த கப்பலையே எரிபொருளாக்கிக்கொண்டு, எலும்புக்கூடாகிவிட்ட அதில் சைப்ரஸை வந்தடைந்தார்கள். விஷக்காய்ச்சல் அதற்குள் பரவிவிட்டது. சிலர் கப்பலிலேயே இறந்தார்கள். பிரிட்டிஷ் காவலோடு பாலஸ்தீனத்தின் ஹைஃபா துறைமுகத்துக்குள் அவர்கள் நுழைந்தது நவம்பர் 24-ஆம் தேதி. கர்மேல் மலை கண்ணுக்கெதிரே தெரிந்தது.

அந்த நாட்டின் கதவு அப்போது சாத்தப்பட்டிருந்தது. ஐந்து ஆண்டுகளில் 75,000 யூதர்களுக்கு மேல் பாலஸ்தீனத்தில் அனுமதிப்பதில்லை என்று பிரிட்டிஷ் ராஜாங்கம் 1939-ல் வெள்ளையறிக்கை வெளியிட்டிருந்தது. அநுமதிச் சீட்டில்லாமல் வருபவர்களுக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டுமென்று அதிகாரிகள் தீர்மானித்தார்கள். அட்லாண்டிக் வந்து சேருவதற்கு நான்கு நாள் முன்பு ஹை கமிஷனர் சர் ஹாரல்டு மக்மைக்கேல் ஓர் அறிக்கை விடுத்தார். இப்படி வருபவர்கள் ஒரு பிரிட்டிஷ் காலனிக்கு அனுப்பப்பட்டு யுத்தம் முடியும்வரை காவலில் வைக்கப்படுவார்கள். அவர்களுடைய இறுதிக் கதி பின்னர் யோசிக்கப்படும். ஆனால் அவர்கள் அந்தக் காலனியிலேயே தங்கிவிடுவதும் இல்லை, பாலஸ்தீனத்துக்குத் திரும்புவதும் இல்லை என்பது அதன் சாரம். இந்த இரட்டை மறுப்பை வாசகர் சிறிது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முன்னமே வந்த இரு கப்பல்களின் ஜனங்களும், அட்லாண்டிக்கிலிருந்து இறக்கப்பட்ட ஒரு சிலரும், பாட்ரியா என்ற பெரிய கப்பலில் ஏற்றப்பட்டிருந்தார்கள். அதை நகரவிடாமல் செய்யும் எண்ணத்தோடு ஹகானா என்ற யூத இரகசியப் படையினர் வைத்த வெடி, அவர்கள் கணக்கிட்டதற்கு மேல் வேலை செய்துவிட்டது. நவம்பர் 25 காலையில், துறைமுகத்துக்குள்ளேயே, கால் மணி நேரத்தில் கப்பல் சாய்ந்து மூழ்கியது; 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தப்பியவர்கள் நாட்டில் தங்கலாம் என்று லண்டன் மனமிரங்கியது. அந்தக் காருண்யம் அட்லாண்டிக்கில் எஞ்சியிருந்தவர்களுக்கு நீட்டப்படவில்லை. ஒரே நதியில் ஒரே மாதத்தில் புறப்பட்டவர்களில் ஒரு பகுதிக்குப் பாலஸ்தீனமும் இன்னொரு பகுதிக்கு நாடுகடத்தலும் என்று விதித்தது, எந்தக் கப்பலில் எவர் எந்த நாளில் ஏறினார் என்ற தற்செயலைத் தவிர வேறொன்றும் இல்லை.

அவர்கள் கரையிறக்கி வைக்கப்பட்டிருந்த அத்லித் முகாமில் டிசம்பர் 9-ஆம் தேதி அதிகாலையில் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. துணியில்லாத மனிதர்களை வெளியே இழுத்துச் செல்ல மாட்டார்கள் என்று எண்ணி, ஆடவர்கள் ஆடை களைந்து படுக்கையில் கிடந்து மறுத்தார்கள். போலீஸார் தடியால் அடித்து, கம்பளியில் சுருட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். யோஹான் டி விட், நியூ சீலாண்ட் என்ற இரு டச்சுக் கப்பல்கள் அவர்களைச் சூயஸ் வழியாகத் தெற்கே கொண்டு சென்றன. டிசம்பர் 26-ல், கிறிஸ்து ஜயந்திக்கு மறுநாள், 1,580 பேர் போர்ட் லூயி துறைமுகத்தில் இறங்கினார்கள்.

அவர்கள் கொண்டுபோய் வைக்கப்பட்ட இடத்தை முகாம் என்று காகிதங்கள் சொல்லுகின்றன. போ பாசேன் என்ற ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் குற்றவாளிகளுக்காகக் கட்டப்பட்ட மத்திய சிறைச்சாலை அது. இன்றைக்கும் அது சிறைச்சாலையாகவே இருக்கிறது. ஆடவர்களுக்குச் சிறையறைகள், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மதிலுக்கு அப்பால் தகரக் கொட்டகைகள். புருஷனும் மனைவியும் சேர்ந்து வாழ அநுமதி இல்லை. ஆரம்பத்தில் சந்திப்பதே அரிதாயிருந்தது, பின்னர் அந்த விதி மெல்லத் தளர்ந்தது. எவர்மீதும் விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை, தண்டனைக் காலம் இவ்வளவு என்ற வரையறையும் இல்லை. கொலைகாரனுக்குக்கூடத் தன் விடுதலைத் தேதி தெரிந்திருக்கும். ஹிட்லரிடமிருந்து ஓடி வந்ததைத் தவிர வேறு குற்றம் செய்யாதவர்களை, ஹிட்லரோடு யுத்தம் செய்துகொண்டிருந்த ராஜாங்கமே அப்படியொரு தேதியும் இல்லாமல் அடைத்துவைத்தது. அதே காலத்தில் இலங்கையில், ஜெர்மனியில் யூதராய்ப் பிறந்து பௌத்த பிட்சுவாகிவிட்ட ஞானபோனிக தேரரும், ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்தால் பகைநாட்டாராகக் கருதப்பட்டு, முதலில் தியத்தலாவையிலும் பிறகு இமயத்தின் அடிவாரத்தில் டேராடூனிலும் காவலில் வைக்கப்பட்டிருந்தார். பாஸ்போர்ட்டில் எழுதியிருப்பதற்கும் மனிதனுக்கும் உள்ள தூரத்தை யுத்தகாலத்து அதிகாரம் அளந்து பார்ப்பதில்லை போலும்.

மரணங்கள் உடனே தொடங்கின. கப்பலிலிருந்து கூடவே வந்த விஷக்காய்ச்சல் முதல் மாதங்களில் பலரைக் கொண்டுபோயிற்று. அதிலிருந்து பிழைத்தவர்களை மலேரியா பிடித்துக்கொண்டது. மொரீசியஸில் மலேரியா ஆதியிலிருந்து இருந்த வியாதி அன்று. 1860-களில் அது தீவுக்குள் புகுந்து, 1867-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் முப்பதாயிரம் உயிருக்குமேல் குடித்தது. கொசுவின் வழியாக அந்நோய் பரவுவதைக் கண்டறிந்த ரொனால்டு ராஸே 1907-ல் அங்கு அழைக்கப்பட்டு ஆராய்ந்து சென்றார். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அது தீவை விட்டபாடில்லை. ஐரோப்பாவின் குளிர்நாட்டு ரத்தம் அதற்கு என்ன பழக்கப்பட்டிருக்கும்? வயது முதிர்ந்தவர்கள் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதையும், அடியும் அவமானமும் பட்டு வந்தவர்களின் சரீரத்தில் வியாதியை எதிர்க்கும் பலம் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும்.

இறந்தவர்களுக்காகக் காலனி அரசாங்கம் சேன் மார்த்தேனில் இடம் ஒதுக்கியது. யூதர்களில் பிரேதத்தைப் பக்குவமாய் நீராட்டி, தனவானென்றும் தரித்திரனென்றும் பேதம் தெரியாதபடி எளிய வெள்ளை வஸ்திரம் சாத்தி, கூடியமட்டில் அன்றே அடக்கம் செய்வது முறை. பிரதியுபகாரத்தை எதிர்பார்க்க முடியாத ஒரே உபகாரம் மரித்தவருக்குச் செய்வது என்பதால் அதை அவர்கள் தர்மங்களில் உயர்ந்ததாக வைத்திருக்கிறார்கள். சிறைக்குள் அவர்களுக்கு ஜபாலயம் இருந்தது; தென்னாப்பிரிக்க யூதர்களின் பிரதிநிதி சபை மருந்தோடும் துணியோடும் வழிபாட்டுக்குரிய சாமான்களையும் அனுப்பிவைத்தது. காதிஷ் சொல்லப் பத்துப் பேருக்குச் சிறையில் பஞ்சமில்லை. வெளியுலகில் யாதொரு உரிமையும் இல்லாதிருந்த அந்த ஜனங்கள், தங்களில் இறந்தவனை மட்டும் தங்கள் பிதாக்களின் விதிப்படி அனுப்பிவைக்க முடிந்தது. நான்கரை ஆண்டுகளில் அந்தத் தீவில் அவர்கள் தங்களுடையதென்று சொல்லிக்கொள்ளக் கிடைத்த நிலமும் அதுவாகவே இருந்தது. உயிரோடிருந்தவர் வசித்த அறை சர்க்காருடையது, உண்ட பாத்திரம் சர்க்காருடையது. இறந்த பிறகுதான் ஒருவர் தம் பெயர் பொறித்த ஓரிடத்துக்கு உடையவரானார்.

இதனால் சிறைவாழ்வு முழுவதும் துக்கமாயிருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பள்ளிக்கூடம் நடத்தினார்கள், பட்டறைகள் வைத்துப் பொம்மைகளும் பாதரட்சைகளும் செய்தார்கள், வாத்தியக் கோஷ்டி சேர்த்துத் தீவின் கனவான்களுடைய நடனங்களுக்குப் போய் வாசித்தார்கள், பெரெட்ஸ் பேடா மேயர் என்ற ஓவியர் முகாமின் காட்சிகளைச் செதுக்குச் சித்திரங்களாக்கினார். விதி தளர்ந்த பிறகு அறுபது குழந்தைகள் வரை பிறந்தன. வாலிபர்களில் சுமார் 200 பேர் நேச நாடுகளின் படைகளில் சேர்ந்து, தங்களை அடைத்துவைத்த கொடியின் பக்கத்தில் நின்று யுத்தம் செய்யப் போனார்கள். சிறுமியாயிருந்தபோது அக்கைதிகளை அறிந்திருந்த ஜெனவீவ் பித்தோ என்ற மொரீசியப் பெண்மணி, முதிய வயதில் ஆவணங்களைத் தேடித் திரட்டி 1998-ல் வெளியிட்ட ‘மொரீசிய ஷேகல்’ என்னும் நூலில் இவற்றையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். அவர் எழுதியிராவிட்டால் தீவின் அடுத்த தலைமுறைக்கு இந்தச் செய்தி எட்டியிருக்குமா என்பது சந்தேகம்.

1945-ன் தொடக்கத்தில் இவர்கள் பாலஸ்தீனத்துக்குச் செல்லலாம் என்று அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டு மாதம் ஃபிராங்கோனியா என்ற கப்பல் 1,300-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, 26-ஆம் தேதி ஹைஃபா சேர்ந்தது. மக்மைக்கேலின் அறிக்கையை இங்கே மறுபடி எண்ணிப் பார்க்கிறேன். பாலஸ்தீனத்துக்கு இவர்கள் திரும்பமாட்டார்கள் என்றது அது, உயிரோடிருந்தவர்கள் திரும்பினார்கள். காலனியில் இவர்கள் தங்கிவிடமாட்டார்கள் என்றும் சொன்னது, இறந்தவர்கள் தங்கிவிட்டார்கள். ஒரு சாம்ராஜ்யத்தின் பிரதிநிதி கையொப்பமிட்ட ஆக்ஞை, சொன்ன இரண்டு விஷயங்களிலும் இப்படி விருதாவாகிவிட்டது. அந்த ஐந்து வருஷத்தில் ஐரோப்பாவில் நடந்ததை அறிந்த பிறகு, மொரீசியஸ் அவர்களைக் காப்பாற்றியதே என்று சமாதானம் சொல்லுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்தை நான் ஒப்பமாட்டேன். அவர்கள் ஏற்கெனவே ஹைஃபாவில் கரையிறங்கித் தப்பிவிட்டவர்கள். தப்பியவர்களைத்தான் சிறைக்குக் கொண்டுபோனார்கள். சேன் மார்த்தேனில் கிடப்பவர்களின் மரணத்துக்கு அந்தப் பிரயாணம் ஒரு காரணமல்லவென்று எவரும் சொல்ல முடியாது.

கப்பல் போன மறுநாள் முதல், அந்த இடுகாட்டின் தன்மையே மாறிப்போயிற்று. திதி வரும், பத்துப் பேர் வரமாட்டார்கள். பிள்ளைகளும் மனைவியரும் சமுத்திரத்துக்கு அப்பால். ஊரில் மிஞ்சியவர்களோ, கல்லிலிருந்த எழுத்து இன்னதென்று அறியாதவர்கள். சமாதிகளை யார் காப்பது? தென்னாப்பிரிக்க யூதர் சபை பொறுப்பை ஏற்றுக்கொண்டது. ஆனால் பொறுப்பென்பது ஆயிரத்தெண்ணூறு மைலுக்கு அப்பாலிருந்து ஒரு காகிதத்தில் கையெழுத்திடுவதோடு தீருவதில்லை. அங்கே வருஷந்தோறும் மழையும் காட்டுப்புல்லும், சில வருஷங்களில் புயலும் வரும். 1960-ல் கரோல் என்று பெயரிடப்பட்ட புயல் தீவு முழுவதையும் புரட்டிப்போட்டது, 1975-ல் மற்றொன்று. அவ்வளவுக்கும் பிறகு கற்கள் நிமிர்த்தப்பட்டு, எழுத்துகள் புதுப்பிக்கப்பட்டு, இன்று ஒழுங்காக இருக்கின்றன. 2014-ல் இடுகாட்டை அடுத்திருந்த பழைய சிற்றாலயம் ஒன்று செப்பனிடப்பட்டு, போ பாசேன் கைதிகளின் நினைவு நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. கிறிஸ்தவ ஆலயமாயிருந்த கட்டடம் யூதர்களின் ஞாபகத்துக்குக் கூரையானது என் மனத்துக்கு உவப்பான செய்தி.

தமிழனாக இந்தக் கதையை வாசிக்கும்போது எனக்கு வேறொரு நினைவும் கூடவே எழுகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதி உண்மையாகவே நிற்கும். அயலாரைக் கப்பலில் கொண்டுவந்து அடைத்துவைப்பது அந்தத் தீவுக்கு 1940-ல் புதிதாக வந்த வழக்கமன்று. 1834 முதல் ஏறத்தாழ 90 ஆண்டுகளில், கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போர்ட் லூயியில் இறங்கினார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். அநுமதிச் சீட்டில்லாமல் தோட்டத்துக்கு வெளியே நடமாடிய கூலியை நாடோடிக் குற்றவாளியென்று பிடித்து அடைக்க அத்தீவில் தனிச் சட்டமும் தனிச் சிறையும் இருந்தன. சீட்டில்லாமல் ஒரு கரையைத் தொட்டதற்காகச் சிறை என்பது போ பாசேனில் நுழைந்த வியன்னாக்காரருக்கு வேண்டுமானால் விநோதமாயிருந்திருக்கலாம். மதிலுக்கு வெளியே கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவரின் பாட்டனாருக்கு அது பழகிய சங்கதி.

1856-ஆம் வருஷம் கல்கத்தாவிலிருந்து வந்த இரண்டு கூலிக் கப்பல்களில் காலரா கண்டிருந்ததால், அவற்றிலிருந்தவர்களைத் தீவில் இறங்கவிடாமல், வடக்கே கடலில் கிடக்கும் கேப்ரியல் என்ற மணல்திட்டில் இறக்கிவிட்டார்கள். கூரையும் வைத்தியமும் போதிய தண்ணீரும் இல்லாமல் இருநூறு பேருக்கு மேல் அங்கேயே மாண்டார்கள். விஷயம் இந்தியாவில் பரவி, மொரீசியஸுக்குக் கூலிகளை அனுப்புவதையே இந்திய அரசாங்கம் சில காலம் நிறுத்திவைக்கும்படி ஆயிற்று. சேன் மார்த்தேனில் இருப்பவர்களைப் போலவே அவர்களும் கடல் தாண்டி வந்து, தடுத்துவைக்கப்பட்டு, தொற்றுநோயில் இறந்தவர்கள். அதற்குப் பிறகு தோட்டங்களில் இறந்த லட்சக்கணக்கானவர்களைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். நம்மவர் வழக்கப்படி எரிந்தவர்களும், வசதியில்லாமல் புதைக்கப்பட்டவர்களும், பெரும்பாலும் கல்லும் பெயரும் இல்லாமல் கரும்பங்கொல்லையின் மண்ணோடு ஒன்றானார்கள்.

ஆயினும் காகிதத்தில் அவர்கள் இருக்கிறார்கள். கூலி ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், ஜாதி, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு என்று குடியேற்ற இலாகா எழுதிவைத்த ஜாபிதாக்கள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி கலாசாலையில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன; 1860-களிலிருந்து புகைப்படங்களும் உண்டு. அந்த ஜாபிதாக்கள் அன்பினால் எழுதப்பட்டவை அல்ல. ஓடிப்போனவனைப் பிடிப்பதற்காக எழுதப்பட்டவை. ஆனாலும் இன்று தன் முப்பாட்டனாரின் கிராமம் எதுவென்று தேடி வரும் மொரீசியத் தமிழருக்கு அதுவே புராணமும் சாசனமுமாக இருக்கிறது. இரண்டு ஜனங்களின் நிலையையும் சேர்த்துப் பார்க்கையில், ஒன்று எனக்குத் தெளிவாகிறது. யூதக் கைதிகளின் பெயர்கள் நிலைத்தது அவர்களை அடைத்தவர்களின் தயவினாலன்று. தங்களில் ஒருவனும் பெயரின்றி மண்ணுக்குள் போகக்கூடாதென்று சிறைக்குள்ளிருந்தும் அவர்கள் பிடிவாதமாக நின்றதனால். நம் கூலிகளுக்கு அந்தப் பிடிவாதம் இல்லாதிருந்ததாக நான் சொல்ல மாட்டேன். நெருப்பிலும் நீரிலும் பெயரை இழப்பதே நம் மரபில் விடுதலையாக இருந்தது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை எள்ளும் தண்ணீரும் இறைத்துப் பெயரையும் கோத்திரத்தையும் சொல்ல மகன் இருப்பான் என்ற நம்பிக்கையின்மேல் எழுந்த விடுதலை அது. மகனும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டபோது, கல்லும் இல்லாமல், சொல்லும் இல்லாமல் போயிற்று.

சேன் மார்த்தேனுக்கு அயலே, தீவின் மேற்குப் பாகத்தில் எழுந்து நிற்கும் கோர் தெ கார்த் மலையின் ஒரு சரிவில் முருகன் கோயில் உண்டு. தைப்பூசத்தன்று காவடிகள் அந்த மலைப் படிகளில் ஏறும். அன்று தீவு முழுவதற்கும் சர்க்கார் விடுமுறை. பெயரழிந்து போன கூலிகளின் சந்ததியார் அந்நிய மண்ணில் தங்கள் தெய்வத்தைப் பிரதிஷ்டை செய்து, பின்னர் அந்த மண்ணின் பிரஜைகளாகவே ஆனவர்கள். யூதர்கள் அங்கே பிரஜைகளாக விரும்பவில்லை. அவர்களுடைய மனம் முழுவதும் வேறொரு மலையின்மீது இருந்தது. ஆகவே ஒரு கூட்டத்தாரின் உயிரோடிருப்பவர்கள் தங்கி மரித்தோர் மறைந்தார்கள், மற்றக் கூட்டத்தாரின் உயிரோடிருப்பவர்கள் போய் மரித்தோர் தங்கினார்கள். இந்த இரு சரித்திரங்களும் ஒன்றையொன்று அறியாமலே அறுபது வருஷம் அருகருகே கிடந்தன. ஒப்பந்தக் கூலிகளாய் வந்த இந்தியரின் வம்சத்தில் பிறந்த நத்தாஷா அப்பானா என்ற மொரீசிய எழுத்தாளர், 2007-ல் பிரெஞ்சில் வெளியிட்ட ‘கடைசிச் சகோதரன்’ என்ற நாவலில், போ பாசேன் சிறைக் காவலன் ஒருவனுடைய இந்திய மகனும் சிறைக்குள்ளிருக்கும் யூதச் சிறுவனும் சிநேகமாவதைக் கற்பித்து எழுதினார். அதில் அந்த இந்தியச் சிறுவன் கிழவனான பின் சேன் மார்த்தேனில் தன் நண்பனின் சமாதியைத் தேடி வருகிறான். சரித்திரம் செய்யாததைக் கதை செய்தது.

யூத சமாதிகளுக்கு வருகிறவர்கள் பூ வைப்பதில்லை. ஒரு சிறு கல்லை எடுத்து வைத்துவிட்டுப் போவார்கள். வந்தேன் என்பதற்கு அதுதான் சாட்சி. முகாமில் பிறந்த குழந்தைகள் இன்று எண்பதைத் தாண்டிய கிழவர்களும் கிழவிகளும். நெடுந்தூரம் பிரயாணம் செய்து தங்கள் ஜனன ஸ்தலத்தையும் பந்துக்களின் சமாதியையும் பார்க்க வந்தவர்கள் இனி எத்தனை முறை வர முடியும்? அவர்களுக்குப் பின் அந்த வரிசைகளைக் காக்கவேண்டியவர்கள் தீவின் ஜனங்களே. அவர்களிலும் கூலிகளின் பேரர்களுக்கு அதில் அதிக உரிமையுண்டு என்று நான் எண்ணுகிறேன். சேன் மார்த்தேனில் கற்களை நிமிர்த்தி நிறுத்திய அதே சிரத்தையைக் கேப்ரியல் திட்டின்மேலும் செலுத்த வேண்டும். இரண்டு கப்பல்களின் பெயர்கள் நமக்குத் தெரியும்: ஹைதரி, ஃபத்தே முபாரக். அவற்றில் ஏறியவர்கள் யார் யாரென்று கல்கத்தாக் காகிதங்களிலும் மோக்காவின் ஜாபிதாக்களிலும் தேடி, கிடைக்கும் பெயர்களையெல்லாம் ஒரு பட்டியலாக எழுதும் வேலையை மொரீசியஸின் இளம் சரித்திர மாணவர் எவரேனும் மேற்கொள்வாரானால், அதற்குக் கல் வாங்கப் பணம் கொடுக்கத் தமிழ்நாட்டில் ஆள் இருக்கும்.